அக்கரையில் நின்றுவிட்ட கழுதைப்பால்

மாயக்காளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் அண்ணன் பங்கிராஸ் தோளிலிருந்த மண்வெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான்.

"ஏலே சோசேப்பு, இந்த ஊர்லயே மொதல்ல பி.ஏ. படிச்சவன் நீ. எழுதுறதுக்கு ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா? கழுதைக்காரிதான் கெடைச்சாளா?"

அவன் கேட்டது நியாயம்தான். கல்லூரியில் நான் படித்த சரித்திரங்களில் தளபதிகள் வந்தார்கள், மகான்கள் வந்தார்கள். கழுதை ஓட்டியவர் என்று பார்த்தால், மாதாவையும் பாலகனையும் எகிப்துக்குக் கூட்டிப்போன, என் பெயர்கொண்ட சூசையப்பர் ஒருவர்தான். அவரும் ஒரே பயணத்தோடு சரி. மாயக்காள் ஆயுள் முழுவதும் ஓட்டுகிறாள்.

அவளைப் பற்றி ஏன் எழுதத் தோன்றுகிறது என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்தேன். அவள் செய்தது என்ன என்று எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அண்ணனிடம் இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்திருப்பேன்.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. மாயக்காளின் குடிசை அக்கரையில், வாழைத்தோட்டங்களுக்குப் பின்னால். அவள் புருஷன் ஒச்சாண்டி ஆண் கழுதைகளை ஓட்டிக்கொண்டு மலைக்குச் சுமை ஏற்றப் போய்விடுவான், மாதக்கணக்கில் வரமாட்டான். பெட்டைக் கழுதைகள் மாயக்காளின் பொறுப்பு. அவற்றில் குட்டி போட்டுப் பால் கொடுப்பது எதுவோ அதை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். நான் சொல்லப்போகும் வருஷத்தில் அது சிட்டு என்கிற சாம்பல் நிறக் கழுதை.

பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் அவளுக்கு ஆள் அனுப்புவார்கள். பிறந்த பிள்ளைக்கு ஒரு சங்கு கழுதைப்பால் புகட்டிவிட்டால் காமாலை வராது, வந்தாலும் இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாயக்காள் வாசலில் சிட்டுவை நிறுத்தி, முதலில் குட்டியை ஊட்டவிட்டு, பிறகு சங்கில் கறந்து, அந்தச் சூட்டோடு பிள்ளையின் வாயில் ஊற்றுவாள். சொம்பில் கறந்து கொடு, எடுத்துப் போகிறோம் என்றால் கொடுக்கமாட்டாள்.

"சொம்புல போனா அது கழுதைப்பாலா, கடைப்பாலான்னு யாருக்குத் தெரியும்? என் கழுதையும் வாசல்ல நிக்கணும், பிள்ளை வாயும் அங்கனயே இருக்கணும்."

இன்னொரு சட்டமும் உண்டு. அவள் வருவதற்கு முன்னால் பிள்ளையின் வயிற்றில் ஆட்டுப்பால், மாட்டுப்பால், சீனித்தண்ணீர் எதுவும் இருக்கக்கூடாது. பெற்றவள் பால் மட்டும் இருக்கலாம். மற்றது எது இருந்தாலும் கழுதைப்பால் முறிந்துவிடுமாம். சொல்லி அனுப்பிய சிறிது நேரத்தில் அவள் வந்துவிடுவாள் என்பதால் இந்தச் சட்டம் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை.

கழுதையோடு பேசும்போது அவள் மிகவும் மரியாதையாகப் பேசுவாள். "வாங்க தாயி, இப்படி ஓரமா நில்லுங்க." மனிதர்களிடம் அந்த மரியாதை கிடையாது.

எங்கள் வீட்டில் அவளுக்கு நெருங்கிய சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அண்ணன் மகள் செலின். பிறந்த சில நாட்களில் செலின் மஞ்சளாகிப் போனாள். மாயக்காள் வந்து கழுதைப்பால் கொடுத்தாள். இறங்கவில்லை. பிறகு சூடு போடும் அம்மாவாசி வந்து, மஞ்சள் கொம்பை நெருப்பில் காட்டி வயிற்றில் சூடு போட்டார். அதற்கும் செலின் அழவில்லை. அவ்வளவு அசந்து தூங்கினாள். பால் குடிக்க எழுப்பினால் எழவில்லை. இரண்டு வாரம் அப்படிக் கிடந்து, பிறகு பிழைத்துக்கொண்டாள். ஆனால் காது கேட்கவில்லை. நடக்கும்போது வலது கால் கொஞ்சம் இழுக்கும். கொய்யா மரத்தில் ஏறுவதற்கு அந்தக் கால் எந்த இடைஞ்சலும் செய்ததில்லை.

செலின் கையால் பேசுவாள். அதில் பாதியைக் கற்றுக்கொண்டவள் அவள் தாய். மீதியையும் சேர்த்துக் கற்றுக்கொண்டவள் மாயக்காள். இரண்டு உள்ளங்கையையும் காதுக்கு மேல் நிறுத்தினால் கழுதை. கன்னத்தைக் கையில் சாய்த்தால் தூக்கம். மூக்கைச் சுளித்தால் என்னைப் பெற்ற ஆத்தா ரோசம்மாள். ஆத்தா கோபப்படுவாள் என்று இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்படியிருக்க, மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீரை எங்கள் பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார்கள். வழக்கமாகத் தை மாதத்தில் ஆறு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். கழுதையும் குட்டியும் சாவகாசமாக நடந்து இக்கரைக்கு வரும். அந்தத் தையில் ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. ஊரே சந்தோஷத்தில் இருந்தது. இரண்டாம் போகம் நடலாமா, வாழை வைக்கலாமா என்று அண்ணன் தூக்கத்தில்கூடப் பேசினான். கழுதை எப்படி ஆற்றைத் தாண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்தத் தையில்தான் அண்ணன் மனைவி பிலோமினா மதினிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஆண். ஆரோக்கியம் என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் வழக்கப்படி தாயையும் பிள்ளையையும் சன்னல் இல்லாத உள்ளறையில் வைத்தார்கள். பிள்ளையை மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, மஞ்சளில் நனைத்த துணியில் சுற்றினார்கள். முதல் பால் ஆகாது என்று பீய்ச்சி ஊற்றச் சொல்லிவிட்டு, சீனித்தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு காலையில் மதினி கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையும் அப்போது கண்ணைத் திறந்தது. வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் இருந்தது.

மதினி "அத்தை" என்று மட்டும் கூப்பிட்டாள். ஆத்தா உள்ளே வந்து பார்த்தாள்.

"அடி இவளே, மஞ்சத்தண்ணி கண்ணுல பட்டிருக்கும்."

"கண்ணுக்குள்ளயா அத்தை மஞ்சள் தேச்சீக?"

உடனே கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். "இனி எது நடந்தாலும் பயமில்ல" என்றாள் ஆத்தா. மதினிக்கு அந்தப் 'பயமில்ல' என்ற சொல்தான் பயத்தைக் கொடுத்தது. பிள்ளை சாகுமா என்பதைவிட வேறொன்றுதான் அவள் மனதில் இருந்தது. செலின் வாசலில் ஓணானைத் துரத்திக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து நான் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. மதினி அதைப் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள்.

"இவனுக்காவது கேக்கணும் தம்பி" என்றாள்.

அண்ணனும் நானும் துறைக்கு ஓடினோம். அக்கரையில் மாயக்காள் சிட்டுவுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் கையைக் குவித்துக் கத்தினான்.

"மாயக்கா! பிள்ளைக்குக் காமாலை! கழுதைய ஓட்டிட்டு வா!"

"என்னது?"

"காமாலை!"

"எதுல வர்றது? றெக்க முளைக்கட்டும், வாரேன்!"

மேலே வெகு தூரத்தில் பாலம் உண்டு. ஆனால் பால் கொடுக்கும் கழுதை அவ்வளவு தூரம் நடந்தால் பால் அடங்கிவிடும் என்று அவள் ஒப்பவில்லை. பச்சைப்பிள்ளையை அவ்வளவு தூரம் தூக்கிப்போக ஆத்தாவும் விடவில்லை. அண்ணன் வாழைத்தண்டுகளைக் கோத்துத் தெப்பம் கட்டி, அதில் அக்கரை போய்ச் சிட்டுவை ஏற்றிப் பார்த்தான். சிட்டு முன்னங்காலை வைத்தாள். தெப்பம் அமுங்கியது. காலை எடுத்துவிட்டுத் தெப்பத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்து, ஓரத்துத் தண்டைக் கடித்துத் தின்னத் தொடங்கினாள்.

"சொம்புல கறந்து கொடு, நான் கொண்டுபோறேன்" என்றான் அண்ணன்.

"என் வாயால வேண்டாமுன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன். இன்னிக்கு ஒனக்குக் குடுத்தா நாளைக்கு யாருல என்னைய நம்புவா? தண்ணி வத்தட்டும். நாளைக்கு வாரேன். அதுவரைக்கும் பெத்தவ பாலத் தவிர ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது, சொல்லிட்டேன்."

அண்ணன் பாதித் தெப்பத்தோடு நனைந்து வந்து சேர்ந்தான். நாளைக்கு என்றாளே தவிர, மறுநாளும் ஆறு அப்படியேதான் போனது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரத்துக்கென்று அவள் வைத்த சட்டம், அவள் வரமுடியாமல் போனதால் நாள்கணக்கில் நீண்டுவிட்டது. கழுதைப்பால் முறிந்துவிடுமே என்று பயந்த ஆத்தா, சீனித்தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். பசித்த பிள்ளைக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. மதினி முதல் பாலையே கொடுத்தாள், கேட்டபோதெல்லாம் கொடுத்தாள்.

ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவாசிக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் கங்குச் சட்டியும் மஞ்சள் கொம்புமாக வந்து சேர்ந்தார். கெட்ட மனிதர் அல்ல. பிள்ளைக்குச் சூடு போட்டால், அது வீரிடும் முன்பே அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனாலும் போடுவார். அண்ணன் யோசித்து, எதற்கும் மாயக்காளை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று எல்லோரையும் துறைக்கு அழைத்து வந்தான். இங்கே முதலில் கழுதைப்பால், அது பலிக்காவிட்டால்தான் சூடு. அந்த வரிசையை மாற்ற யாருக்கும் துணிவில்லை.

அக்கரையிலிருந்தே கங்குச் சட்டியைப் பார்த்துவிட்டாள் மாயக்காள்.

"ஏய் அம்மாவாசி! சட்டியக் கீழ வையி! சூடு பட்ட ஒடம்புக்குக் கழுதைப்பால் ஏறாது!"

"அடியே, இது எப்ப வந்த சட்டம்? நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"இப்பத்தான் வந்துச்சு! ஆத்துல தண்ணி வந்த மாதிரி!"

கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மாவாசியும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு சூடு போடுவது கஷ்டம்.

அந்தச் சட்டத்தை அவள் தன் பிழைப்பைக் காப்பாற்றத்தான் இட்டுக்கட்டினாளா? அம்மாவாசி முந்திக்கொண்டால் அவளுக்குக் கூலியாகக் கிடைக்கவேண்டிய தவச தானியம் அவருக்குப் போய்விடும், அது உண்மை. ஆனால் செலினுக்குச் சூடு போட்டபோது, அழாத அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். எது காரணம் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "ரெண்டுந்தான்னு வச்சுக்கயேன், ஒனக்கு என்ன கொறையுது?" என்றாள்.

பிறகு அவள் கேட்டது யாரும் எதிர்பாராதது.

"பிள்ளையக் கொண்டாந்து காட்டுங்க! எம்புட்டு மஞ்சளுன்னு நான் பாக்கணும்!"

ஆத்தா பதறினாள். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை எடுத்துப் போனது வேறு, தீட்டு கழியாத தாயும் பிள்ளையும் ஆற்றங்கரைக்கு வருவதா? ஆனால் கழுதைப்பால்காரி கேட்கிறாள். மதினியே துணிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாயக்காள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மஞ்சத் தேச்சு, மஞ்சத்துணியில சுத்தி, மஞ்சளா இருக்குன்னா நான் எதைன்னு பாக்குறது? கழுவுங்கடி! வெள்ளத்துணியில கெடத்துங்க! வெயில்ல காட்டுங்க!"

வீட்டில் அப்பழுக்கில்லாத வெள்ளைத்துணி ஒன்றுதான் இருந்தது. நான் கல்லூரிக்கு உடுத்திக்கொண்டு போன மல் வேட்டி. அண்ணன் என்னைக் கேட்காமலே எடுத்து வந்துவிட்டான். நாலு வருஷப் படிப்புக்கு நான் வைத்திருந்த ஒரே அடையாளத்தின்மேல் ஆரோக்கியம் அம்மணமாகக் கிடந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை நனைத்துவிட்டான். எல்லோருக்கும் அப்படியொரு சந்தோஷம்.

மஞ்சளைக் கழுவிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது, பிள்ளையின் மஞ்சள் எதுவரை இறங்கியிருக்கிறது என்று. முகம், கழுத்து, நெஞ்சு. அதை அக்கரைக்குச் சொல்லக் கத்திக் கத்தி அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போனது. ஆற்றின் இரைச்சலில் பாதிதான் போய்ச் சேர்ந்தது. செலின் எங்கள் எல்லோரையும் விலக்கிவிட்டுத் துறைக்கல்லில் ஏறி நின்றாள். தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள், கழுத்தைத் தொட்டாள், நெஞ்சைத் தொட்டுக் கையை அங்கேயே நிறுத்தினாள். மாயக்காள் அக்கரையில் அதையே திருப்பிச் செய்து காட்டினாள். பிறகு கன்னத்தைக் கையில் சாய்த்து, கேள்வியாகத் தலையை ஆட்டினாள். செலின் இல்லையென்று கைவிரித்து, வாயைச் சப்பிச் சப்பிக் காட்டினாள். தூங்கவில்லை, பால் குடிக்கிறான்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் இளவெயிலில் இது நடந்தது. மதினி வருவாள், பிள்ளையைக் கழுவுவாள், வேட்டியில் கிடத்துவாள், அங்கேயே முந்தானையால் மூடிப் பால் கொடுப்பாள். செலின் கல்லில் நின்று சொல்லுவாள். அக்கரைக்கு எங்கள் கூச்சல் கேட்டதோ இல்லையோ, அவளுடைய கைகளை அந்த இரைச்சல் ஒன்றும் செய்யவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. சின்னமனூருக்கு அம்மை குத்த சர்க்கார் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒருவர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்க் கேட்டேன். "பிறந்த பிள்ளைகளில் பலது மஞ்சளாகும் தம்பி. பெரும்பாலும் தானே இறங்கிவிடும். பால் குடிக்காமல் அசந்து தூங்கினாலோ, வில்லாக வளைந்து வீரிட்டாலோதான் ஆபத்து" என்றார். அப்படியானால் என்ன மருந்து என்று கேட்டேன். அவர் ஊசியைத் துடைத்துக்கொண்டே, "அதற்கு எங்களிடமும் மருந்து இல்லை. எழுப்பிப் பால் குடிக்க வையுங்கள்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

நான் ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலை செலினின் கை நெஞ்சில் நிற்கவில்லை. வயிற்றைத் தாண்டி முழங்காலுக்குப் போனது. பிறகு, யாரும் கேட்காமலே கன்னத்தைக் கையில் சாய்த்தாள்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வேட்டியில் கிடத்தினால் காலை உதைத்து நனைக்கும் பிள்ளை, வெயில் முகத்தில் பட்டும் அசையவில்லை. மதினி மார்பில் வைத்தாள், வாய் திறக்கவில்லை. அம்மாவாசி கங்குச் சட்டியோடு எழுந்து நின்றார். தினமும் இங்கே வந்து காத்திருப்பது அவருக்கும் பழகிப்போயிருந்தது.

"இனிப் பொறுக்கக்கூடாது ரோசம்மா" என்றார். ஆத்தா தலையை ஆட்டினாள்.

மதினி பிள்ளையை இறுக்கிக்கொண்டு அக்கரையைப் பார்த்தாள். மாயக்காள் ஓட்டமாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள். இடுப்பளவு தண்ணீர் இழுக்க, வேரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"எழுப்புடீ! கழுதைக்குட்டி எந்திரிக்கலைன்னா நான் காதைச் சுண்டுவேன்! நீ காலைச் சுண்டு!"

"என்ன சொல்றா?" என்றாள் ஆத்தா.

செலினுக்கு விளங்கிவிட்டது. மாயக்காள் மறுபடி கரையேறித் தன் பாதத்தைத் தூக்கிச் சுண்டிச் சுண்டிக் காட்டியதை அவள் பார்த்திருந்தாள். கல்லிலிருந்து குதித்து வந்து, தம்பியின் உள்ளங்காலைப் பிடித்து, கொய்யாக்காயைச் சுண்டுவதுபோல் ஒரு சுண்டு சுண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. இன்னொன்று. முனகியது. மதினி ஈரக்கையால் நெற்றியைத் துடைத்தாள். பிள்ளை சப்பும் அளவுக்கு விழிக்கவில்லை என்று கண்டு, சங்கை எடுத்து வரச்சொல்லித் தன் பாலைத் தானே அதில் பீய்ச்சினாள். கழுதைப்பாலுக்கென்று கழுவி வைத்திருந்த சங்கு அது. சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டாள். ஒரு சொட்டு உள்ளே போனது. அடுத்ததை விழுங்கினான்.

அன்று முழுவதும் நாங்கள் கரையைவிட்டு நகரவில்லை. வெயில் ஏறியபோது புன்னை மர நிழலுக்குப் போனோம். சுண்டுவது, எழுப்புவது, சங்கு, மறுபடி மார்பு. மதினி சோர்ந்தபோது ஆத்தா பிள்ளையை வாங்கிச் சுண்டினாள். "மன்னிச்சுக்க ராசா, மன்னிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே சுண்டினாள். அம்மாவாசி ஒரு மூலையில் உட்கார்ந்து, தன் முறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கங்கு வீணாகப் போவதைப் பார்க்கச் சகிக்காமல், யாரோ கொண்டுவந்த பனங்கிழங்கை அதில் சுட்டு எல்லோருக்கும் உரித்துக் கொடுத்தார். அந்தச் சட்டி அதற்கு முன் அவ்வளவு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

பொழுது சாயத் தொடங்கியபோது ஆத்தா கொஞ்சம் பலமாகவே சுண்டிவிட்டாள். ஆரோக்கியம் கண்ணைத் திறந்தான். எங்களை ஒருமுறை பார்த்தான். பிறகு, காலையிலிருந்து பட்ட அத்தனை சுண்டலுக்கும் சேர்த்து ஒரே அழுகையாக அழுதான். மதினி மார்பில் வைத்ததும் கவ்விக்கொண்டான். பசி வந்த பிள்ளை குடிக்கும் குடி அது.

செலின் கல்லுக்கு ஓடினாள். வாயைப் பெரிதாகத் திறந்து, கண்ணைக் கசக்கி, அழுது காட்டினாள். அக்கரையில் மாயக்காள் சிட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சிட்டுவுக்கு அது பிடிக்கவில்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது.

அடுத்து வந்த நாட்களில் செலினின் கை மெல்ல மேலே ஏறியது. முழங்காலிலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து நெஞ்சு. பிறகு முகத்தில் மட்டும் விரலை வைத்தாள். கடைசியில் ஒருநாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். எங்கும் இல்லை.

மஞ்சள் போய்விட்டது. ஆனால் மதினி கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. இவனுக்குக் காது கேட்கிறதா? அதைச் சோதித்துப் பார்க்க அவள் யாரையும் விடவில்லை. பித்தளைத் தட்டைத் தட்டிப் பார்க்கலாம் என்று ஆத்தா எடுத்தபோது, கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"தெரியாம இருக்குற வரைக்கும் நிம்மதியா இருக்கேன் அத்தை. விட்டுருங்க."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் பூனைபோல் நடந்தோம். எதையாவது கீழே போட்டு, அதற்குப் பிள்ளை திடுக்கிடாமல் போய்விட்டால் என்ன செய்வது? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. உண்மையைத் தேடவேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன், ஒரு தட்டைத் தட்டிப் பார்க்கப் பயந்தேன்.

மாசியில் மேலே மதகை ஏதோ வேலைக்காக அடைத்தார்கள். ஆறு இறங்கியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்த அன்று காலையிலேயே மாயக்காள் சிட்டுவையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு வாரேன்னு சொன்னேன்ல? வந்துட்டேன்."

மதினி பிள்ளையைத் தூக்கி வந்து அவள் கையில் கொடுத்தாள். இத்தனை நாளும் ஆற்றுக்கு அப்பாலிருந்து பார்த்த பிள்ளையை மாயக்காள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், உள்ளங்காலைப் பார்த்தாள்.

"என் கழுதை அக்கரையில நின்னதுக்கே காமாலை ஓடிப்போச்சு பாத்தீகளா? வாசலுக்கே வந்திருந்தா அது மலையாளத்துக்கே போயிருக்கும்." பிள்ளையை மதினியிடம் கொடுத்துவிட்டுத் தவசத்துக்கு முந்தானையை விரித்தாள்.

"பால் கொடுக்காமலேயா தவசம் கேக்குற?" என்றான் அண்ணன்.

"ஏன்யா, நான் நின்ன நிலைக்கு ஒண்ணும் இல்லையா? இடுப்பளவு தண்ணியில நின்னேனே, ஒம் மாமியாவா வந்து நின்னா?"

ஆத்தா முறத்தில் சோளம் கொண்டுவந்து கொட்டினாள். கழுதைப்பால் என்று சொன்னது சொன்னதுதான், ஒரு சங்காவது கறக்கவேண்டும் என்றாள். மாயக்காள் கறந்தாள். பிள்ளையின் வாயருகே கொண்டுபோனபோது, வயிறு நிறையக் குடித்திருந்த ஆரோக்கியம் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாயக்காள் வற்புறுத்தவில்லை. செலின் கையை நீட்டினாள். சங்கு அவளிடம் போனது. அவள் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள்.

தன் குட்டிக்குரிய பாலை இன்னொருத்தி குடித்துவிட்டாளே என்று ஆத்திரமோ, அல்லது அக்கரை நினைவு வந்ததோ, தெரியாது. மாயக்காளின் தோளுக்குப் பின்னால் நின்ற சிட்டு கழுத்தை நீட்டி, எங்கள் சின்ன வீடே அதிரும்படி கத்தினாள்.

ஆரோக்கியத்தின் இரண்டு கைகளும் விரிந்தன. உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. கண்ணை அகல விழித்து, ஒரு கணம் யோசித்து, வீரிட்டு அழுதான்.

மதினி சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"கேக்குது" என்றாள். "மாயக்கா, கேக்குது."

"என் கழுதை கத்துனா செத்தவனுக்கே கேக்கும்" என்றாள் மாயக்காள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எது அவனைக் காப்பாற்றியது? தாய்ப்பாலா, வெயிலா, அன்று முழுவதும் சுண்டிய விரல்களா, டிரெஸ்ஸர் சொன்னதுபோல் தானே இறங்கியதா? செலினுக்கும் இப்படிச் செய்திருந்தால்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் ஊரில் இப்போது பிள்ளை பிறந்தால் முதலில் அதைத் துறைக்குத் தூக்கிக்கொண்டு போய், மஞ்சளைக் கழுவி, வெள்ளைத்துணியில் காட்டுகிறார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாத நாளிலும் மாயக்காள் அக்கரையிலேயே நின்றுதான் பார்க்கிறாள். அதுதான் முறை என்று சொல்லிவிட்டாள். என் மல் வேட்டி எனக்குத் திரும்பி வரவில்லை.

அன்று வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தபோது நான் செலினைப் பார்த்தேன். கழுதை கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. நாங்கள் எதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறோம் என்று தெரிந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குள் ஒன்று குறுகியது. அவளோ சிட்டுவின் திறந்த வாயைப் பார்த்தாள், அழுகிற தம்பியைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டுவிட்டாள். தாயின் மடியருகே போய் உட்கார்ந்து, தம்பியின் இரண்டு பிஞ்சுக் கைகளையும் பிடித்து, அவன் காதுகளுக்கு மேல் நிறுத்தி வைத்தாள்.

கழுதை. அவனுக்கு அவள் கற்றுக்கொடுத்த முதல் சொல் அது.